எல்ராத்தியா: எங்கும் கிடைக்கும் டிரைலோபைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதைபடிவம் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் எல்ராத்தியா கிங்கிதான். கருநிறத்தில், கட்டைவிரல் நகம் அளவில், பழக்கமில்லாதவர் பார்த்தால் கல்லில் செதுக்கிய பூச்சி என்றே நினைப்பார். மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதால் அனுபவசாலிகள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அபூர்வமான ஓர் உயிரியின் ஒற்றைப் படிவம் சொல்லவே முடியாத பல விஷயங்களை இந்தக் கூட்டம் சொல்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எல்ராத்தியா என்பது என்ன?

டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலிகளில் ஒரு பேரினம். கிங்கி அதில் ஓர் இனம். நண்டு, இறால், தேள், பூச்சி ஆகியவை எந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையோ, டிரைலோபைட்டுகளும் அதைச் சேர்ந்தவையே. ஆனால் இவற்றின் நேரடி வாரிசு என்று இன்று எந்த உயிரும் இல்லை. டிரைலோபைட்டுகளில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றுள் எல்ராத்தியா, டைக்கோபாரியிடா வரிசையைச் சேர்ந்தது. நீண்ட முள்ளும் கொம்பும் இல்லாத, அலங்காரமற்ற உடல். டிரைலோபைட் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எங்கே கிடைக்கிறது? எவ்வளவு பழையது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மில்லார்டு கவுன்டியின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஹவுஸ் மலைத்தொடரும் அதற்கு வடக்கே உள்ள டிரம் மலைகளும்தான் இதன் பேர்போன இடங்கள். அங்குள்ள வீலர் படிவுகள் என்ற பாறை அடுக்கில் எல்ராத்தியா கிங்கி குவியலாகக் கிடக்கிறது. நுண்சேறு இறுகி உண்டான, தகடு தகடாகப் பிரியும் சாம்பல் நிறக் களிப்பாறைதான் அதில் அதிகம். இடையிடையே சுண்ணாம்புக்கல்லும் வரும். வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள், அதாவது கேம்ப்ரியன் காலத்தின் நடுப்பகுதி. வீலருக்குக் கீழே ஸ்வேசி சுண்ணாம்புக்கல், மேலே மார்ஜம் படிவுகள், அதற்கும் மேலே வீக்ஸ் படிவுகள் என்று அடுக்கு போகிறது.

இன்று வறண்ட மலைக்காடாகத் தெரியும் அந்த இடம் அப்போது கடலடி. வட அமெரிக்காவின் மூதாதையான லாரன்ஷியா கண்டம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. அதன் விளிம்பில் ஆழமற்ற சுண்ணாம்புக் கடற்பரப்பு நீண்டிருந்தது. நிலப்பிளவால் அந்தப் பரப்பின் ஒரு பகுதி தாழ்ந்து, ஆழமான ஒரு பள்ளம் உண்டானது. கரைப்பக்கம் இருந்து வந்த நுண்சேறு அந்தப் பள்ளத்தில் படிந்ததுதான் வீலர் களிப்பாறை.

ஒரே இடத்தில் இவ்வளவு எண்ணிக்கை ஏன்?

எல்ராத்தியாவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைக் கேட்க வேண்டும்.

சில களிப்பாறைத் தகடுகளைப் பிரித்தால் எல்ராத்தியா கிங்கி மட்டுமே நெருக்கமாகக் கிடக்கும். வேறு டிரைலோபைட் இல்லை, வேறு உயிரிகளும் அநேகமாக இல்லை. சேற்றில் புழுக்கள் துளைத்துப் போன வழிகள்கூட இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் துப்பு. கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் இருந்தால் ஏதாவது ஓர் உயிர் அதைத் துளைத்துக் கலக்காமல் விடாது. மெல்லிய அடுக்குகள் கலையாமல் இருக்கின்றன என்றால் அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை என்று பொருள்.

ராபர்ட் கெய்ன்ஸ், மேரி டுரோசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. அடுக்கடுக்காகப் பாறையைப் பார்த்து, எந்த அடுக்கில் எது கிடைக்கிறது, அங்கே சேறு எவ்வளவு கலைந்திருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஆக்சிஜன் நன்றாக இருந்த அடுக்குகளில் பலவகை உயிரிகள் கலந்து கிடந்தன. துளியும் இல்லாத அடுக்குகளில் கடலடி உயிரிகளே இல்லை. இரண்டுக்கும் நடுவே, மற்ற உயிரிகள் தாங்க முடியாத அளவுக்கு ஆக்சிஜன் குறைந்துபோன விளிம்பில், எல்ராத்தியா கூட்டமாக வாழ்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில் எதைத் தின்றது? இன்றைய கடல்களில் ஆக்சிஜன் தீரும் எல்லையில் கந்தகச் சேர்மங்களை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பாயாகப் பரவும். சூரிய ஒளியின் தயவு அவற்றுக்குத் தேவையில்லை. எல்ராத்தியாவும் அத்தகைய உணவுச் சங்கிலியை நம்பி வாழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. சரியாக இருந்தால், இப்படிப்பட்ட விளிம்பில் குடியேறி வாழ்ந்த உயிரிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான். போட்டி இல்லை, தின்ன வருகிறவர்களும் குறைவு. மூச்சு முட்டும் இடமாக இருந்தாலும் அதற்குப் பழகிவிட்டவனுக்கு அது சொர்க்கம்தான்.

ஏதோ ஒரு விபத்தில் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தவை என்று சிலர் சொல்வார்கள். சேற்று வெள்ளம் திடீரென்று மூடியதால் சில அடுக்குகள் உண்டானது உண்மைதான். ஆனால் அடுக்கு மாறி அடுக்காக ஒரே இனம் திரும்பத் திரும்ப வருவதை விபத்து விளக்காது.

மற்ற டிரைலோபைட்டுகள் கல்லோடு ஒட்டிக்கிடக்க, இது மட்டும் எப்படித் தனியாகக் கழன்று வருகிறது?

புதைந்த பிறகு நடந்த வேதியியல் உபயம். டிரைலோபைட்டின் முதுகு ஓடு கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது. எல்ராத்தியா சேற்றுக்குள் மூடப்பட்ட பின், ஓட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கால்சைட் வளர்ந்தது. கூம்புக்குள் கூம்பு செருகியது போன்ற அமைப்பில், ஓட்டைவிடப் பலமடங்கு தடிமனாக அது வளர்ந்து ஒரு கெட்டியான வில்லை ஆகிவிட்டது. சுற்றியுள்ள களிப்பாறை வெயிலிலும் மழையிலும் உதிர, வில்லை மட்டும் முழுதாக நிற்கிறது.

உங்களிடம் ஒன்று இருந்தால் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் கால்களோ வயிறோ தெரியாது. கரடுமுரடான படிகப் பரப்புதான் தெரியும். நீங்கள் தொடும் தடிமனில் பெரும்பகுதி அந்த விலங்குக்குச் சொந்தமே இல்லை, பிற்பாடு வளர்ந்த கல்.

எப்படி அடையாளம் காண்பது?

தலைக் கவசம், நடுவுடல், வால் கவசம் என்று முன்னிருந்து பின்னாக மூன்று பாகம். தலைக் கவசம் அகலமான அரைவட்டம். அதன் நடுவில் முன்பக்கம் குறுகிய ஒரு மேடு. மேட்டுக்கும் முன்விளிம்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். கண்கள் சிறியவை. கன்னத்தின் இரு ஓரங்களிலும் குட்டையான முள். நடுவுடலில் பெரும்பாலும் 13 கணுக்கள். வால் கவசம் தலையைவிடத் தெளிவாகச் சிறியது, அகலம் அதிகம், நீளம் குறைவு. பெரும்பாலானவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அதைவிடப் பெரியவையும் உண்டு.

வீலர் படிவுகளிலேயே கிடைக்கும் அசாபிஸ்கஸ் வீலரியோடு இதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள். வாலைப் பாருங்கள்: அசாபிஸ்கஸுக்கு வால் கவசம் பெரியது, சுற்றிலும் தட்டையான அகன்ற விளிம்பு இருக்கும். நடுவுடல் கணுக்களும் குறைவு.

என்னிடம் இருப்பதில் கன்னம் இரண்டும் இல்லை. உடைந்துவிட்டதா?

உடையவில்லை, அநேகமாகக் கழற்றிப் போட்ட சட்டை. ஓடுள்ள கணுக்காலிகள் எல்லாமே வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். எல்ராத்தியாவின் தலைக் கவசத்தில் கண்ணை ஒட்டி ஓடும் ஒரு தையல் கோடு உண்டு. தோலுரிக்கும்போது அந்தக் கோட்டில் ஓடு பிரிந்து, கன்னங்கள் இரண்டும் விலகும். விலங்கு அந்த வழியாக நழுவி வெளியேறிவிடும். கன்னங்கள் கழன்றும், விலகியும், தலைகீழாகப் புரண்டும் கிடக்கும் படிவங்கள் இதனால்தான் அதிகம்.

எல்லாப் பாகமும் அதனதன் இடத்தில் இருந்தால் அது செத்த விலங்கின் உடலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விலங்கு தன் வாழ்நாளில் பல ஓடுகளைக் கழற்றும் என்பதால், படிவங்களின் எண்ணிக்கையை அப்படியே விலங்குகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குட்டி எல்ராத்தியா கிடைக்கிறதா?

கிடைக்கிறது, சில மில்லிமீட்டர் அளவில்கூட. டிரைலோபைட்டின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். முதல் கட்டத்தில் உடல் முழுவதும் ஒரே சில்லு, மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டாம் கட்டத்தில் தலையும் வாலும் பிரிந்து, நடுவே கணுக்கள் ஒவ்வொன்றாகச் சேரும். புதுக் கணுக்கள் வால் பகுதியில் உருவாகி, வாலின் முன்விளிம்பிலிருந்து விடுபட்டு நடுவுடலில் சேர்ந்துகொள்ளும். கணுக்களின் எண்ணிக்கை முழுமையானதும் மூன்றாம் கட்டம். அதன் பிறகும் விலங்கு வளரும், ஆனால் நடுவுடலில் கணுக்களின் எண்ணிக்கை அதிகரிக்காது.

ஒரே இனத்தின் எல்லா அளவுகளும் ஒரே இடத்தில் நிறையக் கிடைப்பதால் இந்த வளர்ச்சியை வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது. ஒன்றிரண்டு படிவம் மட்டுமே கிடைத்த இனங்களில், சின்னதைப் பார்த்துவிட்டு அது குட்டியா வேறு இனமா என்று சொல்ல முடியாமல் தவிக்க வேண்டியதுதான்.

ஓரத்தில் கடித்தது போல ஒரு துண்டு இல்லை. அது என்ன?

முதலில் அது புதிதாக உடைந்ததா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். கூரான, பளிச்சென்ற விளிம்பு என்றால் தோண்டியவரின் சுத்தியல் வேலை. விளிம்பு மழுங்கி, தடித்து, கணுக்களின் முனைகள் உள்பக்கம் குறுகி ஆறிய தழும்பு போல இருந்தால், உயிரோடு இருக்கும்போது காயம்பட்டு ஆறியது. அப்படிப்பட்ட எல்ராத்தியாக்கள் உண்மையிலேயே உண்டு.

லோரன் பாப்காக், ரிச்சர்ட் ராபிசன் இருவரும் 1989-இல் டிரைலோபைட் தழும்புகளை எண்ணிப் பார்த்து, வலப்பக்கத்தில் காயம் அதிகம் என்று எழுதினார்கள். தாக்கியவற்றுக்கோ தப்பியவற்றுக்கோ கைப்பழக்கம் மாதிரி ஒரு பக்கச் சாய்வு இருந்திருக்கலாம் என்பது அதிலிருந்து வந்த ஊகம். பிற்பாடு வேறு இடங்களின் படிவங்களை எண்ணியபோது எல்லாவற்றிலும் இந்தச் சாய்வு தெரியவில்லை.

கடித்தது யார்? நெடுங்காலமாக விரல் நீண்டது, கேம்ப்ரியன் கடலின் பெரிய வேட்டை உயிரியான அனோமலோகாரிஸ் பக்கம்தான். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு அதன் முன்கைகளின் வலுவைக் கணினியில் கணக்கிட்டு, அவை மென்மையான உடல் கொண்ட இரையை விரைந்து பிடிக்க ஏற்றவை, கெட்டி ஓட்டை நொறுக்க ஏற்றவை அல்ல என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே பழியை உடனே அதன் தலையில் போட வேண்டாம். டிரைலோபைட்டுகளே டிரைலோபைட்டுகளைத் தாக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படியும், ஆறிய காயம் என்றால் அந்த முறை இரை தப்பிவிட்டது என்பது மட்டும் நிச்சயம்.

யார் பெயர் வைத்தது?

1870-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஃபீல்டிங் பிராட்ஃபோர்டு மீக் இந்த இனத்தை விவரித்தார். அப்போது அதை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார். 1924-இல் சார்லஸ் வால்காட் எல்ராத்தியா என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தி, கிங்கியை அதன் மாதிரி இனமாக, அதாவது அந்தப் பேரினத்துக்கே அளவுகோலாக வைத்தார். கேம்ப்ரியன் கால உயிரிகளுக்குப் பேர்போன கனடாவின் பர்ஜஸ் களிப்பாறையை 1909-இல் கண்டுபிடித்தவரும் இதே வால்காட்தான்.

கிங்கி மட்டும்தானா, வேறு இனங்களும் உண்டா?

உண்டு. மார்ஜம் படிவுகளில் எல்ராத்தியா மார்ஜுமி, அமெரிக்காவின் தென்கிழக்கே கொனசாகா படிவுகளில் எல்ராத்தியா ஆன்டிகுவாட்டா. கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீங்கள் பார்ப்பது கிங்கியைத்தான்.

எல்ராத்தினா என்று ஒரு பெயரைப் பார்த்தால் எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது பர்ஜஸ் களிப்பாறையில் கிடைக்கும் வேறொரு பேரினம். உடல் ஒடுக்கமானது, நடுவுடல் கணுக்கள் எல்ராத்தியாவைவிட அதிகம்.

கூடவே வேறு என்னென்ன கிடைக்கும்?

அசாபிஸ்கஸைச் சொல்லியாயிற்று. அப்புறம் மிளகு அளவுள்ள இடாக்னாஸ்டஸ் இன்டர்ஸ்ட்ரிக்டஸ். நடுவுடலில் இரண்டே கணுக்கள், கண் கிடையாது, தலை எது வால் எது என்று முதலில் புரியாது. பழைய பெயர் அட்டைகளில் இது பெரோனாப்சிஸ் என்று இருக்கும். பொலாஸ்பிடெல்லா என்ற குட்டி டிரைலோபைட்டும் உண்டு. சில அடுக்குகளில் பாசிகள், கடற்பஞ்சுகள், புழுக்கள் போன்று ஓடில்லாத உயிரிகளின் தடயங்களும் தங்கியிருக்கின்றன. வீலர் படிவுகளுக்கு ஆய்வாளர்கள் மத்தியில் இருக்கும் மதிப்பு பெரும்பாலும் அதனால்தான்.

பாறையின் வயதைச் சொல்ல எல்ராத்தியா உதவுமா?

ஓரளவுதான். எல்ராத்தியா லாரன்ஷியாவைத் தாண்டவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாறைகளை ஒப்பிட வேண்டுமானால் கடல்கள் முழுக்கப் பரவிய உயிரி வேண்டும். மேலே சொன்ன இடாக்னாஸ்டஸ் போன்ற, அக்னாஸ்டஸ் வகைச் சிறிய உயிரிகள் அந்த வேலையைச் செய்கின்றன. கேம்ப்ரியனின் ஓர் உட்பிரிவான டிரமியன் காலத்தின் தொடக்கம், டைக்காக்னாஸ்டஸ் அடாவஸ் என்ற இனம் முதன்முதலில் தோன்றும் மட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உலகுக்கே பொதுவான அந்த மட்டத்துக்குரிய அளவுகோல் பாறை, டிரம் மலைகளில் உள்ள இதே வீலர் படிவுகளில்தான் இருக்கிறது. 2006-இல் அது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

அமெரிக்கப் பூர்வகுடிகள் இதைத் தாயத்தாக அணிந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. யூட்டாவின் பாவன்ட் யூட் மக்களிடையே டிரைலோபைட்டைத் துளையிட்டு அணியும் வழக்கம் இருந்தது. அங்குள்ள ஒரு பழைய புதைகுழியில், எலும்புக்கூட்டின் நெஞ்சுப் பகுதியில் துளையிட்ட டிரைலோபைட் ஒன்று இருந்ததை ஃபிராங்க் பெக்வித் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1930-களில் பதிவு செய்தார். அவர் விசாரித்த யூட் நண்பர், கல் வீட்டில் குடியிருக்கும் நீர்ப்பூச்சி என்று பொருள்படும் பெயரால் அதைச் சொன்னார். நோயும் துப்பாக்கிக் குண்டும் அண்டாமல் காக்கும் என்ற நம்பிக்கையையும் சொன்னார். நீரில் வாழ்ந்தது, கல்லுக்குள் இருப்பது என்ற இரண்டையும் அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

டிரைலோபைட்டை மனிதன் செருப்புக் காலால் மிதித்த தடம் கிடைத்ததாமே?

இணையத்தில் ஓயாமல் சுற்றும் கதை. 1968-இல் ஹவுஸ் மலைத்தொடரின் ஆன்டிலோப் ஊற்று அருகே ஒரு சேகரிப்பாளர் வீலர் களிப்பாறையைப் பிளந்தபோது, செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவம் தெரிந்தது. குதிகால் பகுதியில் ஒரு டிரைலோபைட்டும் இருந்தது. கேம்ப்ரியன் காலத்திலேயே மனிதன் இருந்தான் என்று அதை வைத்துப் பேசத் தொடங்கினார்கள்.

கல்லைப் பார்த்த நிலவியலாளர்கள் சொன்னது எளிமையானது. இந்தக் களிப்பாறை சில்லு சில்லாகப் பெயரும், அப்படிப் பெயரும்போது வட்டமும் நீள்வட்டமுமாக வடிவங்கள் இயல்பாக வரும். கனிமக் கறையும் சேர்ந்தால் ஓரம் கோடு போட்டது போலத் தெரியும். நிஜமாகவே ஒரு கால் ஈரச் சேற்றில் பதிந்திருந்தால் அடியிலுள்ள மெல்லிய அடுக்குகள் அமுங்கி வளைந்திருக்க வேண்டும், ஓரத்தில் சேறு பிதுங்கியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. முன்னும் பின்னும் அடுத்த காலடியும் இல்லை. போதாக்குறைக்கு அது ஆழமான கடலடி. செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க ஏற்ற இடமே அல்ல.

கடையில் விற்பது போலியாக இருக்குமா?

எல்ராத்தியாவில் முழுப் போலி அரிது. அசலே ஏராளமாகக் கிடைக்கும்போது செய்து விற்பதில் லாபமில்லை. ஆனால் இரண்டு சின்ன ஏமாற்று வேலைகள் நடக்கும். தனியாகக் கழன்ற வில்லையை வேறொரு கல்லில் ஒட்டி, அங்கேயே கிடந்தது போல விற்பது ஒன்று. படிவத்தைச் சுற்றிப் பசையின் பளபளப்போ, மெல்லிய பள்ளமோ தெரிகிறதா என்று பாருங்கள். உடைந்த ஓரத்தைப் பிசினால் நிரப்பிக் கருப்பு பூசுவது இன்னொன்று. பூச்சின் மேல் ஊசிமுனைக் குமிழிகள் தெரிந்தால் சந்தேகப்படலாம். பல தட்டுகளில் ஒரே உருவம் அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அது வார்ப்பு.

நாமே போய்த் தோண்டி எடுக்கலாமா?

யூட்டாவின் டெல்டா ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில், கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடும் தனியார் குவாரி இருக்கிறது. புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் சுலபம். பாறைத் தகட்டை நிமிர்த்தி வைத்து, ஓரத்தில் தட்டிப் பிளந்தால் போதும்.

கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில், சாதாரணமாகக் கிடைக்கும் முதுகெலும்பில்லாத உயிரிகளின் படிவங்களைச் சொந்த உபயோகத்துக்கு, அளவோடு, கைக்கருவிகளால் எடுக்கலாம். விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. மாநில நிலம், குத்தகை நிலம், தனியார் நிலம் எல்லாவற்றுக்கும் விதி வேறு. அங்கே இவை துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதால், எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

இப்படி அள்ளினால் தீர்ந்துவிடாதா?

ஒரே ஒரு வணிகச் சேகரிப்பாளர் மட்டும் தன் 20 ஆண்டுத் தொழிலில் சுமார் 15 லட்சம் எல்ராத்தியாக்களை எடுத்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. பாறையில் இன்னும் மிச்சம் இருக்கிறது. எனக்குக் கவலை எண்ணிக்கையைப் பற்றி அல்ல. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற தகவல் இல்லாமல் எடுக்கப்பட்ட 15 லட்சம், ஆக்சிஜன் கதையைக் கண்டுபிடிக்க ஒரு துளிகூட உதவியிருக்காது. அடுக்கைக் குறித்துவைத்து எடுத்த சில நூறே போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தழும்புள்ளவை, பிறவிக் கோளாறுள்ளவை போன்ற அபூர்வங்கள் இவ்வளவு பேர் தோண்டியதால்தான் கண்ணில் பட்டன. அவற்றை எடுத்தவர்கள் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தபோது ஆய்வுக்கும் வந்தன.

வாங்கிவிட்டேன். எப்படிப் பாதுகாப்பது?

கால்சைட் என்பதால் வினிகர், எலுமிச்சை, கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். கல்லோடு இருந்தால் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், களிப்பாறை இளகித் தகடு பிரியும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம், தூசி ஒட்டும்.

சிறு சீட்டில் இனத்தின் பெயர், வீலர் படிவுகள், எந்த மலை, எந்தக் குவாரி, மில்லார்டு கவுன்டி, யூட்டா, யாரிடம் எப்போது வாங்கியது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். விற்றவரிடம் குவாரியின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். எந்த அடுக்கு என்பதும் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மங்கிவிடும்.